கேட்டாத்தான் குடுக்கும் விண்டோ

வாங்க, வாங்க. மூணாவது கம்ப்ளைண்ட்டுக்கு மூணாவது ஆளு. உங்க கம்பெனில ஆளுக்குப் பஞ்சமே இல்லைங்க, சந்தோசம். மோடம் அந்த டிவிக்குப் பின்னாடி இருக்குது. பச்சை லைட் எரியும். அதப் பாத்து ஏமாந்துடாதீங்க. போன தடவை வந்தவரு அந்தப் பச்சை லைட்டப் பாத்துட்டு, "எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்"னு சொல்லி, ஒரு சொம்புத் தண்ணியக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டாரு. அதுக்கு முந்தி வந்தவரு தண்ணிகூடக் கேக்கல.

என்ன கோளாறுன்னு கேக்கறீங்களா? மெயில் வர்றதில்லைங்க. வருது, வருது, வராம என்ன. லோன் வேணுமான்னு வருது. பல்லு சுத்தம் பண்ண பாதி ரேட்டுன்னு வருது. என்ற பல்லுக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்குது. வரவேண்டிய மெயிலுதான் வர்றதில்ல. செல்போனும் உங்க கம்பெனி நம்பர்தான், அதுலயும் வரவேண்டிய போன் வர்றதில்ல. ஆபீஸ்ல இருந்து வரோணுங்க. இன்னிக்கோட இருபத்தி மூணு நாளாச்சு.

நான் தண்டபாணி. பீளமேட்டுல ஒரு சாப்ட்வேர் கம்பெனி, பதினாலு வருசம் இருந்தனுங்க. இருந்தேன்னு சொல்லக்கூடாது, இருக்கேன். ரிசைன் லெட்டர் குடுத்திருக்கேன், அவ்வளவுதான். அது ஒரு பேச்சுக்குக் குடுக்கறது. உங்க வீட்ல சண்டை வந்தா "நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்"னு சொல்லுவாங்கல்ல? சொல்ல மாட்டாங்களா? குடுத்து வெச்சவரு நீங்க.

நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன். பனியன் துணில பூவு, மயிலு, மாங்கான்னு படம் அச்சடிக்கறாங்கல்ல, அந்தப் படத்தக் கம்ப்யூட்டர்ல வரையறதுக்கு எங்க சாப்ட்வேரு. திருப்பூர்ல பாதிப் பேரு அதுலதான் வரையறாங்க. ஒரு விண்டோல சின்னதா ஒரு மாங்கா வரைவாங்க. அதக் காப்பி பண்ணி, பெரிய துணி அளவுக்கு இன்னொரு விண்டோ இருக்கும், அதுல வரிசையா ஒட்டுவாங்க. அந்தக் காப்பி பண்றது, ஒட்டறது, ஒரு விண்டோவுக்கும் இன்னொரு விண்டோவுக்கும் நடுவுல நடக்கற குடுக்கல் வாங்கல் மொத்தமும் என்ற வேலை. பதினோராயிரம் வரி ப்ரோகிராம். ஒருத்தனும் தொட்டதில்ல. தொட விட்டதில்ல.

உங்களுக்கு ஒண்ணு தெரியுங்களா? நீங்க காப்பின்னு அழுத்தறீங்க பாருங்க, எங்க சிஸ்டத்துல அப்ப எதுவும் காப்பி ஆகறதில்லைங்க. நெசமாத்தான். அந்த விண்டோ எந்திரிச்சு நின்னு, "இப்போதைக்கு ஓனர் நாந்தான், வேணுங்கறவங்க எங்கிட்ட வாங்க"ன்னு ஒரு அறிவிப்புக் குடுக்கும். அவ்வளவுதான். பொருளு அது கையிலயேதான் இருக்கும். இன்னொரு விண்டோல போயி ஒட்டுன்னு சொன்னீங்கன்னா, அந்த விண்டோ மொத விண்டோகிட்ட வந்து, "ஏனுங்க, என்னென்ன மாதிரிக் குடுப்பீங்க?"ன்னு கேக்கோணும். "படமாவும் குடுப்பேன், வெறும் எழுத்தாவும் குடுப்பேன், உனக்கு எது வேணும்?" "படமாக் குடுங்க." அப்பத்தான் குடுக்கும். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு பாருங்க. கேக்காம யாருக்கும் எதுவும் போகாது. கேட்டவனுக்கு இல்லேன்னும் சொல்லாது. இத ரோசிச்சவங்கள நான் கும்பிடுவனுங்க.

நடுவுல வேற ஒரு விண்டோ வந்து, "இனிமே ஓனர் நான்"னு சொல்லிருச்சுன்னா? பழைய விண்டோவுக்கு ஒரு சேதி போகும். "உன்ற உரிமை முடிஞ்சுது"ன்னு. ஒரு வார்த்த எதுத்துப் பேசாம கையில இருக்கறதக் கீழ போட்டுரும். மிஷினு பாருங்க, ரோசம் மானம் ஒண்ணும் கெடையாது. ஆனா சேதின்னு ஒண்ணு போகுதுல்ல? அந்த மரியாதைகூட இங்க இல்லைங்க.

என்ன, அந்த மீட்டர்ல நம்பர் நல்லா வருதா? வரட்டும், வரட்டும்.

நானும் ஆபீஸ்ல அப்படித்தானுங்க. யாரு எந்தச் சந்தேகம் கேட்டாலும் சொல்லுவேன். பதினாலு வருசத்துல இல்லேன்னு சொன்னதில்ல. ஆனா கேக்கோணும். "எழுதி வெச்சிருங்கண்ணா, எல்லாத்துக்கும் ஒதவும்"னு எங்க மொதலாளி ஜெகதீசன் வருசா வருசம் சொல்லுவாரு. என்னவிடப் பதினஞ்சு வயசு சின்னவரு, அண்ணான்னுதான் கூப்புடுவாரு. நல்ல மனுசன், வெவரம் பத்தாது. எழுதி வெச்சா யாருங்க கேக்க வருவாங்க? நான் எதுக்கு அங்க உக்காந்திருக்கேன், பெஞ்சத் தேய்க்கறதுக்கா?

கேக்கறதுன்னா சுகந்தி கேக்கோணும். எனக்குக் கீழ வேலை செய்யற அம்மணி. அஞ்சு வருசமா, பொழுதோட நாலு மணியானா டீயும் நோட்டுமா வந்து நிக்கும். "சார், ஒரே ஒரு சந்தேகம்." ஒண்ணுதான், ரெண்டு கேக்காது. "பொருளு ரொம்பப் பெருசா இருந்தா ஒரே மூச்சுல குடுக்க முடியாதில்லீங்க சார், துண்டு துண்டா எப்படிக் குடுக்கறது?" நான் சொல்லுவேன். சொல்லச் சொல்ல அந்தப் புள்ள குனிஞ்ச தலை நிமிராம எழுதிட்டே இருக்கும். கட்டம் போடும், அம்புக்குறி போடும், தேதி போடும். ஒரு தடவை அது போட்ட அம்புக்குறி திரும்பி இருந்துதுன்னு நானே பேனா வாங்கித் திருத்தியிருக்கேன். என்ற மேல அவ்வளவு மரியாதைங்க அதுக்கு. இல்லாட்டி ஒரு மனுசன் வாயில வர்றத ஒரு வார்த்த விடாம எதுக்கு எழுதோணும்?

ஏன் சிரிக்கறீங்க? ஓ, இருமலா. தண்ணி வேணுங்களா?

சரி, வில்லங்கத்துக்கு வர்றேன். திருப்பூர்ல ஒரு பெரிய பார்ட்டி. ஆறு ஆபரேட்டரு, ஆறு பேரும் பொம்பளைங்க. புதுசா எங்க சாப்ட்வேர வாங்கலாமான்னு பாக்கறாங்க. நான், ஜெகதீசன், சுகந்தி, மூணு பேரும் காட்டறதுக்குப் போனோம். அந்தக் கம்பெனில ஒரு பழக்கம். முன்னாடி பழைய கம்ப்யூட்டர வெச்சு வேலை பாத்தவங்க, ரெண்டு விண்டோ தொறந்தா அப்படியே நின்னு போகுமாம். அதனால காப்பி பண்ணின ஒடனே அந்த விண்டோவ மூடிப்போட்டுத்தான் அடுத்ததத் தொறப்பாங்க. ஆறு பேருக்கும் அது கை பழகிருச்சு. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தும் கை கேக்கல.

சாரதான்னு ஒரு அம்மா. முக்கா மணி நேரம் உக்காந்து ஒரு மாங்கா வரைஞ்சாங்க. நல்லாத்தான் வரைஞ்சாங்க, குத்தம் சொல்லக்கூடாது. மாங்காய்க்குள்ள இன்னொரு மாங்கா, அதுக்குள்ள புள்ளி. காப்பி அழுத்தினாங்க. விண்டோவ மூடினாங்க. "சேமிக்கவா?"ன்னு கம்ப்யூட்டர் கேக்குது. வேண்டாம்னுட்டாங்க. அதான் காப்பி பண்ணிட்டமே, கையில இருக்குதுன்னு நெனப்பு. பெரிய விண்டோவத் தொறந்து ஒட்டுன்னாங்க. ஒண்ணுமில்ல. மறுபடியும் அழுத்தினாங்க. ஒண்ணுமில்ல. அவங்க மொதலாளி பின்னாடி நிக்கறாரு. என்னயத் திரும்பிப் பாத்து, "சார், என்ற மாங்கா எங்கீங்க?"ன்னாங்க.

நான் வெளக்கமாத்தான் சொன்னேன். "அம்மா, நீங்க காப்பியே பண்ணல."

"பண்ணினேனுங்களே."

"பண்ணலீங்கம்மா. எங்கிட்ட இருக்குதுன்னு ஒரு அறிவிப்புக் குடுத்தீங்க. குடுத்துப்போட்டு, அறிவிச்ச ஆளையே மூடிட்டீங்க. ஓனரே இல்லாதப்ப யாருகிட்டப் போயி வாங்கறது?"

இதுல என்னங்க தப்பு? ஒரு வார்த்த தப்பில்ல. அந்தம்மா கண்ணுல தண்ணி வந்துருச்சு. டெக்னிக்கலா ஒரு விசயம் சொன்னா கண்ணுல தண்ணி விடறவங்கள வெச்சு என்ன பண்றது, சொல்லுங்க. சுகந்தி ஓடிப்போயி அந்தம்மா பக்கத்துல உக்காந்து தோளத் தட்டிக் குடுத்துட்டு இருக்குது. அவங்க மொதலாளி கையக் கட்டிட்டு, "இது சரியானா வாங்க, பேசலாம்"னுட்டாரு.

திரும்பி வர்றப்ப கார்ல, ஜெகதீசன் மெதுவாக் கேக்கறாரு, "அண்ணா, இதச் சரி பண்ணிரலாமுங்களா?"

"கோளாறு இருந்தாத்தானுங்க சரி பண்றது? சிஸ்டமே அப்படித்தான். ஒட்டி முடிக்கற வரைக்கும் மூடாதேன்னு ஒரு ஸ்டிக்கர் அடிச்சு ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஒட்டிரலாம்."

பின் சீட்ல இருந்து சுகந்தி, "சார், நீங்களே ஒருக்கா சொன்னீங்கல்ல, மூடப்போற விண்டோகிட்ட இருந்து வாங்கி வெச்சுக்கறதுக்குன்னு தனியா ஒரு ப்ரோகிராம் வெச்சுக்கலாம்னு? அது ஒண்ணப் போட்டுட்டா ஆச்சுங்களே"ங்குது.

ஆமாங்க, அப்படி ஒண்ணு உண்டு. ஒரு ஓரமா, கண்ணுக்குத் தெரியாம உக்காந்திருக்கும். விண்டோ மூடப் போகுதுன்னா அதுகிட்ட, "நான் கெளம்பறேன், எங்கிட்ட இருக்கறத நீ வாங்கிக்கோ"ன்னு சொல்லோணும். அது ஒவ்வொண்ணாக் கேட்டு, எழுத்தா இருக்கறத எழுத்தா, படமா இருக்கறதப் படமா, அத்தனையும் தன்கிட்ட வாங்கி வெச்சுக்கும். அப்புறம் விண்டோ இருந்தா என்ன, போனா என்ன. ஒட்டறவனுக்கு வித்தியாசமே தெரியாது. எனக்கு அது ஆரம்பத்துல இருந்தே புடிக்காதுங்க. ஓனர் உசுரோட இருக்கறப்பவே வாங்கி வெச்சுக்கறதுன்னா என்ன பழக்கம் அது?

"செய்யலாம், ஒரு மாசமாகும்"னேன்.

"நாலு நாள் போதும்னு நெனைக்கறேனுங்க சார்"னு சுகந்தி சொல்லுது.

நாலு நாளு! என்ற கோடு, என்ற பதினோராயிரம் வரி, அதுல எதுக்கு எது இருக்குதுன்னு ஒரு வரிகூட வெளக்கம் எழுதல நான். எனக்கே சில எடத்துல நின்னு ரோசிச்சாத்தான் வெளங்கும். அந்தப் புள்ளைக்கு எங்க கைய வெக்கறதுன்னுகூடத் தெரியாது, நாலு நாளாம். ஜெகதீசன் என்ன சொல்லியிருக்கோணும்? "அம்மணி, அண்ணன் மாசம்னா மாசம்தான்"னு சொல்லியிருக்கோணுமா இல்லையா? "பாருங்களேன் சுகந்தி"ன்னாரு. பாருங்களேனாம்.

திங்கக்கெழமை காலைல லெட்டரக் கொண்டுபோயி மேசைல வெச்சேன். கிழிப்பாருன்னு பாத்தேன். கிழிக்க வாகா மெல்லிசுத் தாளுலதான் எழுதியிருந்தனுங்க. முழுசாப் படிச்சாரு. கண்ணாடியக் கழட்டினாரு. "உங்க இஷ்டம்ண்ணா. ஒடம்பப் பாத்துக்கங்க. யாருகிட்டயாச்சும் ஒப்படைக்கறதுக்கு எதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. "ஒப்படைக்க என்ன இருக்குது, எல்லாம் எங்கிட்டத்தான் இருக்குது. வேணுங்கறப்பக் கேளுங்க, சொல்றேன்"னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். சுகந்தி எந்திரிச்சு நின்னு கும்புட்டுது. நிமிர்ந்து பாக்காமப் போயிட்டேன். எப்படியும் சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்புடத்தான போவுதுன்னு.

மூணு நாளு தாங்காதுன்னு கணக்குப் போட்டிருந்தேன். போன் வந்தா மொத ரிங்குல எடுக்கக்கூடாது, மூணாவதுல எடுக்கோணும். எடுத்த ஒடனே சொல்லிப்போடக் கூடாது, "பாத்துட்டுக் கூப்புடறேன்"னு ஒரு மணி நேரம் விடோணும். அப்புறம் ஜெகதீசனே பேசோணும். இப்படியெல்லாம் வரிசையா வெச்சிருந்தனுங்க. மூணு நாளாச்சு. ஒரு வாரமாச்சு. குளிக்கப் போனாக்கூட போனக் கொண்டுபோயி சோப்பு டப்பாக்குப் பக்கத்துல வெச்சிட்டுக் குளிக்கறேன். அங்க வேலை நின்னு போயிருக்கும், தலையப் பிச்சுட்டு இருப்பாங்க. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்திருப்பாங்க. இங்க வரல. அப்பன்னா கோளாறு எங்க இருக்குது? லைன்ல இருக்குது. இது சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமே.

என்னங்க, உங்க செல்லுல இருந்து என்ற நம்பருக்கு அடிக்கறீங்களா? அடிங்க. அடிக்குது பாருங்க, ஆமா. நீங்க இங்க நின்னு அடிச்சா வரத்தான் செய்யும். பீளமேட்டுல இருந்து அடிச்சா வரோணுமே, அதப் பாருங்க. மெயிலும் அனுப்பிப் பாக்கறீங்களா. வந்துருச்சு. "டெஸ்ட்"னு ஒரே வார்த்த. இருபத்தி மூணு நாள்ல எனக்குன்னு ஒரு மனுசன் கையால அனுப்பின மெயில் இதுதானுங்க.

இவங்க என்ற சம்சாரம், பூங்கோதை. பூங்கோதை, சாருக்குக் காபி குடு. பாத்தியா, மூணாவது ஆளும் லைன் நல்லா இருக்குதுங்கறாரு. அப்புறம் எப்படி ஆபீஸ்ல இருந்து ஒரு போன்கூட வராம இருக்கும்?

என்ன சொல்றே? வந்துதா? யாருக்கு? உன்ற நம்பருக்கா?

கேட்டீங்களா சார், சுகந்தி இவளுக்குப் போன் பண்ணியிருக்குது. போன வெயாழக்கெழமை. இவ எங்கிட்டச் சொல்லவேயில்ல. ஏண்டி சொல்லல? சரி, விடு. என்ன கேட்டுது? எந்த எடத்துல நிக்குதாம்? பெருசாக் குடுக்கறப்பத் துண்டு துண்டாப் போறதுல மாட்டியிருக்கும், எனக்குத் தெரியும். அது இல்லியா? வேற என்ன கேட்டுது?

சார் நல்லாச் சாப்புடறாரா. பிரசர் மாத்திரை போடறாரான்னு கேட்டுதா.

அது சரி. அப்புறம்? சாப்ட்வேரப் பத்தி? நீ போனச் சார்கிட்டக் குடுக்கட்டுமான்னு கேட்டியா? கேட்டியா. அதுக்கு என்ன சொல்லுச்சு? முழுசாச் சொல்லு, அது சொன்ன மாதிரியே சொல்லு.

"வேண்டாங்க்கா, தொந்தரவு பண்ண வேண்டாம். சார் சொல்லிக் குடுத்ததெல்லாம் எங்கிட்ட நோட்டுல இருக்குது, அஞ்சு நோட்டு. மூணு நாள்லயே முடிஞ்சுதுங்க்கா. அந்தச் சாரதாம்மா இப்ப மூடிப்போட்டுத்தான் ஒட்டறாங்க, மாங்கா சரியா வருது. சார்கிட்டக் கேக்கறதுக்குன்னு எதுவும் இல்லீங்க்கா, சொகமான்னு கேக்கத்தான் கூப்புட்டேன்."

மூணு நாளா. நாலுன்னு சொல்லுச்சு, மூணுல முடிச்சிருக்குது.

நீ உள்ள போ பூங்கோதை. ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். போ.

சார், கோவம்னு சொல்லிரலாம்னு பாக்கறேன், கோவம் வரமாட்டேங்குது. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. ஒரு எடத்துல மாட்டி, முழிச்சு, சார்கிட்டக் கேட்டாத் தெரியுமேன்னு ஒரே ஒரு நிமிசம் நெனச்சிருந்தாக்கூடப் போதுங்க. அந்த அம்புக்குறிய நாந்தான் திருத்திக் குடுத்தேன். சரியா இருக்குதான்னு ரெண்டு தடவை பாத்துத் திருத்தினேன்.

என்னது, முடிஞ்சுதுங்களா? பைய மூடிட்டீங்க. ஒண்ணு பண்ணுங்க. கோளாறு இல்லேன்னு எழுதாதீங்க. லேசா ஒரு கோளாறு இருக்குது, பாத்துட்டு இருக்கோம்னு எழுதுங்க. எழுதக்கூடாதுங்களா? மேல கேப்பாங்களா. சரி.

இருங்க, இருங்க, போன்ல என்னமோ வருது. கண்ணாடி எங்க வெச்சேன். மெசேஜு. உங்க கம்பெனிதானுங்க. "தங்கள் புகார் தீர்க்கப்பட்டிருந்தால் கீழ்க்கண்ட நான்கு இலக்க எண்ணை எங்கள் ஊழியரிடம் தெரிவிக்கவும்." நாலு நம்பர் வந்திருக்குது. இது எதுக்குங்க? இதப் போட்டாத்தான் நீங்க முடிச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போக முடியுங்களா? உங்க செல்லுல வராதா? மேல இருக்கறவங்களுக்கும் தெரியாதா? யாருக்குமே தெரியாது, எனக்கு மட்டுந்தான் தெரியும். அப்படித்தானுங்களே?

கேளுங்க. கைய நீட்டினா எப்படிங்க, போன எட்டிப் பாக்காதீங்க. வாயத் தொறந்து ஒரு தடவை கேளுங்க.

சொல்றேன், சொல்லாம என்ன. கேட்டு நான் இல்லேன்னு சொன்னதில்லைங்க. அந்தச் சேர இழுத்துப் போட்டுச் சித்த உக்காருங்க. மொத நம்பர் ஏழு.